சுமைதாங்கி என்னும் எந்திரம்

நாஞ்சில் நாட்டின் பழைய சாலையோரங்களில் இரண்டு கல்தூண்களும் அவற்றின் தலைமேல் படுத்த ஒரு கற்பலகையுமாகச் சுமைதாங்கிகள் நிற்பதுண்டு. பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டவை இவை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சோகக் கதையோடு நின்றுவிடுவதால் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். சுமைதாங்கி ஒரு எந்திரம். பக்கத்திலிருக்கும் கிணறு, மாடு குடிக்கும் கல்தொட்டி, நிழல்மரம் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பு. அதைக் காப்பாற்றுவதென்றால் அந்த ஏற்பாட்டோடுதான் காப்பாற்ற வேண்டும்.

மீன் கடவமோ உப்புமூட்டையோ கருப்பட்டிச் சிப்பமோ, நாற்பது கிலோவைச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு கோட்டாறு, வடசேரிச் சந்தைகளுக்கு நடப்பவருக்கு நடையைவிடக் கஷ்டமானது இறக்கி ஏற்றுவது. தரையில் வைத்துவிட்டால் மறுபடி தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். ஐந்தடி உயரத்துக்கு அதைத் தூக்க ஏறத்தாழ 600 ஜூல் வேலை செய்தாக வேண்டும். நாலரை அடி உயரப் பலகையிலிருந்து ஏற்றினால் அரை அடிதான் தூக்கல். 60 ஜூல் போதும். அதையும் கை செய்வதில்லை. முழங்காலை லேசாக மடக்கித் தலையைச் சுமைக்கு அடியில் கொடுத்து நிமிர்ந்தால் கால்களே செய்துவிடும். கல்லை நட்டவர்கள் ஜூல் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் தோளுயரம் என்று வைத்தார்களே, அது குருட்டாம்போக்கில் அமைந்த அளவல்ல. பலகையின் கனத்துக்கும் காரணம் உண்டு. கருங்கல் நசுக்கத்தைத் தாங்குமளவுக்கு இழுவையைத் தாங்காது. இரு முனையில் நிற்கும் பலகையின் அடிப்பக்கம் எப்போதும் இழுபடும். ஆறடி நீளம், ஓரடி அகலம், முக்காலடி கனமுள்ள பலகையே சுமார் 340 கிலோ இருக்கும். வருகிறவர் இறக்கும் மூட்டை அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கல் முதலில் தன்னைத் தாங்கியாக வேண்டும்.

ஆவி இளைப்பாறும் என்ற நம்பிக்கையில் நட்டதை எந்திரம் என்று உயர்த்துவானேன் என்று கேட்கலாம். ஏன் நடுவது என்பதை நம்பிக்கை சொன்னது. எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பதைச் சுமப்பவரின் கழுத்து சொன்னது. லண்டனிலும் இதேபோல்தான் நடந்தது. காலராவைப் பரப்பிய அழுக்குத் தண்ணீருக்கு மாற்றாக 1859-இல் சாமுவேல் கர்னி முன்னின்று முதல் பொதுக் குடிநீர்க் குழாயை ஒரு தேவாலய மதிலில் அமைத்தார்; அதை நடத்திய சங்கம் 1867-இல் மாட்டுத் தொட்டியையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. பின்னர் பலர் தங்கள் வீட்டில் இறந்தவர் நினைவாக இத்தகைய குழாய்களைக் கட்டிக்கொடுத்தார்கள். துக்கத்தைத் தண்ணீராக்கும் வழக்கம் இரு நாட்டுக்கும் பொது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு: கல் எவர் சுமையையும் தாங்கும், ஆனால் பழைய திருவிதாங்கூரில் எல்லோரும் எல்லாச் சாலையிலும் நடக்கவோ எல்லாக் கிணற்றிலும் மொள்ளவோ முடிந்ததா? முடியவில்லை. அதனால்தான் அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து நீரெடுக்க முத்திரிக் கிணற்றை ஏற்படுத்த வேண்டி வந்தது. சாலையோர தர்மத்தைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று தலைச்சுமை வண்டிக்கு மாறிவிட்டது, கல் எதற்கு என்பார்கள். சுமைதான் மாறியது, தாகம் மாறவில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர் காசு கொடுத்துப் புட்டித் தண்ணீர் வாங்குகிறார். ஆகவே சாலையை அகலப்படுத்தும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பலகையை மட்டும் பெயர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பாதீர்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தூண், பலகை, தொட்டி மூன்றையும் சாலையின் புது ஓரத்தில் நட்டு, பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் வையுங்கள்.