செல்லப் பிராணிக்கும் கல்லடைப்பு!

உங்கள் வீட்டு நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்க முயல்கிறதா? முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகவே போகிறதா? அதில் இரத்தம் கலந்திருக்கிறதா? மலச்சிக்கல் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம்.

கல் எப்படி உண்டாகிறது? நம் திருவள்ளூர் மாவட்டக் கடலோர உப்பளங்களை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் நீர் வற்ற வற்ற, கரைசல் தெவிட்டி உப்பு படிகமாகிறது. சிறுநீரும் உப்புகளின் கரைசல்தான். நாய் போதிய நீர் குடிக்காவிட்டால் அது செறிவடைகிறது. படிகங்கள் தோன்றிக் கல்லாக வளர்கின்றன. சில நுண்ணுயிர்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும். அப்போது சிறுநீர் காரத்தன்மை அடைந்து மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் கற்கள் உருவாகின்றன.

கல்லைக் காண்பது எப்படி? கால்சியம் மிகுந்த கல் எக்ஸ் கதிர்களை நன்கு உட்கவர்வதால் படத்தில் வெண்மையாகத் தெரியும். ஆனால், டால்மேஷன் இன நாய்களுக்கு வரும் யூரேட் கல் பெரும்பாலும் தெரியாது. அதன் அணுக்கள் தசையில் உள்ளவை போன்று இலேசானவை. அங்கே மீயொலி கைகொடுக்கிறது. ஒலியலை கல்லில் மோதித் திரும்பும். கல்லின் பின்னே நிழல் விழும்.

பாஸ்பேட் கல்லைத் தனி உணவாலும் மருந்தாலும் கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது. வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஆண் நாயின் சிறுநீர்க்குழாய் ஒரு சிறு எலும்பின் பள்ளத்தின் வழியே செல்கிறது. கல் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். மருத்துவர் மெல்லிய குழாய் வழியே உப்புநீரைச் செலுத்தி, அதன் அழுத்தத்தால் கல்லைச் சிறுநீர்ப்பைக்கே திருப்பித் தள்ளுவார். பாஸ்கல் விதி நினைவுக்கு வருகிறதா? பிறகு அறுவை செய்து கல்லை எடுப்பார்.

சிறுநீர் அறவே நின்றுவிட்டால் மணிக்கணக்கு முக்கியம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். ஆண் பூனை சில நாட்களிலேயே இறந்துவிடக்கூடும். வாழைத்தண்டுச் சாறு கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நம் வலி மாத்திரைகளையும் தராதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. கும்மிடிப்பூண்டியில் இருந்தாலும் திருவள்ளூரில் இருந்தாலும் உடனே அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மேல்சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

எடுத்த கல்லை எறிந்துவிடக் கூடாது. அது எவ்வகைக் கல் என்று சோதித்தால்தான் மறுபடி வராமல் தடுக்கத் தக்க உணவைச் சொல்ல முடியும். எப்போதும் நல்ல நீர் வையுங்கள். நாயை நாள்தோறும் பலமுறை வெளியே அழைத்துச் செல்லுங்கள். தனக்கு வலிக்கிறது என்று அதனால் வாய்விட்டுச் சொல்ல இயலாது; கவனிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.