கிளட்ச் பெடல் மேலே வரலையா? லைனை வீட்டிலேயே மாற்றலாமா?

ஆடித்தபசு நேரத்தில் சங்கரன்கோவில் ரத வீதிப் பக்கம் கார் எடுத்துப் போனவர்களுக்குத் தெரியும், நூறு அடி நகர்வதற்குள் பத்து முறை கிளட்ச் மிதிக்க வேண்டியிருக்கும். அந்த நெரிசலில் பெடல் 'பொசுக்'னு உள்ளே போய், திரும்பி வராமல் நின்றுவிட்டால்?

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். ஆல்ட்டோ, வேகன்-ஆர் மாதிரி பல சிறிய கார்களில் இருப்பது கேபிள் கிளட்ச். அதில் லைனும் கிடையாது, ஆயிலும் கிடையாது. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் ஆயில், லைன் வழியாகப் போய் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். லைன் கசிந்தாலோ, உள்ளே காற்று புகுந்தாலோ பெடல் தொளதொளன்னு ஆகிவிடும்.

கசிவு எங்கே என்பதுதான் முக்கியம். பெடலுக்குப் பின்னால் ஈரமா? மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். கியர்பாக்ஸ் அடியில் சொட்டுகிறதா? சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். கியர்பாக்ஸை இறக்காமல் தொட முடியாது. அதை மெக்கானிக்கிடம் விட்டுடுங்க. ரப்பர் ஹோஸோ, பைப் ஜாயின்ட்டோ நனைந்திருந்தால் மட்டும் நீங்கள் இறங்கலாம்.

இறங்கும் முன் ஒரு விஷயம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். கிளட்ச் லைனைக் கழற்றிவிட்டு டப்பாவைக் கவனிக்காமல் விட்டால், பிரேக் பக்கமும் காற்று புகுந்துவிடலாம். கிளட்ச் வேலைதானேன்னு அலட்சியமாக இருக்காதீங்க.

வேலை பெரிதல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். பைப் நட்டுக்கு சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். அதற்கென்றே இருக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனர் வாங்குங்கள். செம்பு வாஷர் இருந்தால் புதிதாகப் போடுங்கள். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே இருக்கும், பெரும்பாலும் டாட்-3 அல்லது டாட்-4. இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட்-4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். போன வருஷம் திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் உப்பிக் கெட்டுவிடும். அப்புறம் செலவு பல மடங்கு.

கடைசியாகக் காற்று எடுப்பது. வீட்டில் ஒருவரைப் பெடலில் உட்கார வையுங்கள். அவர் மிதித்துப் பிடித்ததும் நிப்பிளைத் திறங்கள், ஆயில் வரட்டும், மூடுங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நிற்கும் வரை இதையே செய்யுங்கள். நடுநடுவே டப்பாவில் ஆயில் ஊற்ற மறக்காதீங்க.

முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல் விழ வேண்டும். பிறகு பிரேக்கை மிதியுங்கள். அது கொஞ்சம் மெத்துனு இருந்தாலும் காரை வெளியே எடுக்க வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.