புது மெத்தையிலும் முதுகு வலிக்குதா? பழகணுமா, திருப்பி அனுப்பணுமா?

சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவருமே ஐ.டி. வேலை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலி. நான்கு நாள் ரிவ்யூ படித்து, கிட்டத்தட்ட ஒரு மாத வாடகைப் பணத்தைக் கொடுத்து ஆன்லைனில் மெத்தை வாங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் மெத்தை உப்பி எழுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தாயிற்று.

பத்தாவது நாள் காலை, முதுகு வலி முன்பைவிட அதிகம். கணவர் "கொஞ்ச நாள் பழகினா சரியாகிடும்" என்கிறார். மனைவி "ரிட்டர்ன் போட்டுடலாம்" என்கிறார். ஊரிலிருந்து போனில் அம்மா, "தரையில பாய் விரிச்சுப் படுங்க, எல்லாம் சரியாகும்" என்கிறார்.

மூவரில் யார் சொல்வது சரி? மெத்தையைப் பொறுத்தும், படுக்கும் விதத்தைப் பொறுத்தும் மூன்றுமே சரியாகலாம், மூன்றுமே தப்பாகலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பார்ப்போம்.

கெட்டியான மெத்தைதான் முதுகுக்கு நல்லதா?

நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் நம்பிக்கை இது. இதை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஸ்பெயினில், நாள்பட்ட கீழ் முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கெட்டியான மெத்தை, இன்னொரு குழுவுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது.

90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே நல்ல முன்னேற்றம். படுத்திருக்கும்போதும் எழும்போதும் வரும் வலி அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

காரணம் எளிது. நம் உடம்பு நேர்க்கோடு கிடையாது. தோளும் இடுப்பும் அகலம், நடுவில் குழிவு. மெத்தை ரொம்பக் கெட்டியாக இருந்தால் தோளும் இடுப்பும் மட்டும் எடையைத் தாங்கும், கீழ் முதுகு அந்தரத்தில் நிற்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் இடுப்பு உள்ளே அமுங்கி, முதுகுத் தண்டு தொட்டில் போல வளையும். தோளையும் இடுப்பையும் கொஞ்சம் உள்வாங்கி, முதுகைத் தாங்கிப் பிடிப்பதுதான் நல்ல மெத்தை.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, கீழ் முதுகுக்கு அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்கு அதிகக் கெட்டி. கையை நுழைக்கவே முடியவில்லை என்றால் அதிக மென்மை. லேசாக உரசிக்கொண்டு போனால் சரியான அளவு.

நீங்கள் எப்படிப் படுப்பீர்கள்?

ஒருக்களித்துப் படுப்பவர்களின் எடை முழுவதும் தோளிலும் இடுப்பிலும் இறங்கும். அவர்களுக்குக் கொஞ்சம் மென்மையான மேற்பரப்பு தேவை. மல்லாந்து படுப்பவர்களுக்கு நடுத்தரம் போதும். குப்புறப் படுப்பவர்களுக்கு வயிறும் இடுப்பும் அமுங்காத அளவு கெட்டி வேண்டும். உடல் எடையும் முக்கியம். 55 கிலோ உள்ளவருக்குக் கல் மாதிரி தெரியும் மெத்தை, 90 கிலோ உள்ளவருக்கு மெத்தென்று இருக்கலாம்.

அதனால்தான் ஒரே மெத்தைக்கு ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும் விழுகிறது. இருவருமே உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள்.

கணவன், மனைவிக்குத் தேவை வேறு வேறாக இருந்தால்? 72-க்கு 36 இன்ச் சிங்கிள் மெத்தை இரண்டை ஒட்டிப் போட்டால் 72-க்கு 72 கிங் சைஸ் கிடைத்துவிடும். ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மென்மை. இரண்டின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கும்போது இன்னொருவர் விழித்துக்கொள்ளும் பிரச்சினையும் குறையும்.

உள்ளே என்ன இருக்கிறது?

இலவம் பஞ்சு: தேனி மாவட்டத்தில் போடி பக்கம் அதிகம் கிடைப்பது. காற்றோட்டம் நன்றாக இருக்கும், சூடு தங்காது. ஆனால் நாளாக நாளாக அமுங்கிக் கட்டி தட்டும். அவ்வப்போது வெயிலில் காயவைத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை பஞ்சைப் பிரித்துத் தைக்க வேண்டும்.

தென்னை நார்: தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது. கெட்டியாக இருக்கும், காற்றும் போய் வரும். ஒரே இடத்தில் படுத்தால் பள்ளம் விழும்.

மெமரி ஃபோம்: 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளுக்கு என்று சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது. உடல் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். அதே காரணத்தால் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏ.சி. இல்லாத அறையில், மே மாதச் சென்னையில் இது பெரிய விஷயம். தூக்கம் வரும் நேரத்தில் உடலின் உள் வெப்பநிலை குறைய வேண்டும். முதுகுப் பக்கம் வியர்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் கலையும்.

லேடெக்ஸ்: ரப்பர் பாலிலிருந்து வருவது. அமுக்கினால் உடனே எழும்பும், மெமரி ஃபோமைவிடச் சூடு குறைவு. எடையும் விலையும் அதிகம். வாங்கும்போது இயற்கை லேடெக்ஸா, செயற்கை கலந்ததா என்று கேளுங்கள்.

ஸ்பிரிங்: காற்றோட்டம் நல்லது. தனித்தனி உறையில் ஸ்பிரிங் வைத்த 'பாக்கெட்' வகை என்றால் ஒருவர் புரளும் அசைவு மற்றவருக்கு அதிகம் தெரியாது.

கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். அது அதிகமானால் பொதுவாக ஆயுள் கூடும். ஆனால் டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. 'ஆர்த்தோ' என்ற சொல்லும் மருத்துவச் சான்றிதழ் அல்ல, விற்பனைப் பெயர்தான்.

வாங்கும் முன் கட்டிலை அளந்தீர்களா?

ஆசாரி செய்த கட்டில் என்றால் கம்பெனி சைஸோடு பொருந்தும் என்று சொல்ல முடியாது. சட்டத்துக்குள் இருக்கும் நீளம், அகலத்தை அளந்துகொள்ளுங்கள். உயரத்தையும் பாருங்கள். 4 இன்ச் மெத்தை இருந்த கட்டிலில் 10 இன்ச் மெத்தையைப் போட்டால், வீட்டுப் பெரியவர்களுக்கு உட்காரும்போது கால் தரையைத் தொடாது. இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது விழும் ஆபத்து உண்டு.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மென்மையான மெத்தையில் படுக்க வைக்கக் கூடாது. முகம் புதைந்து மூச்சு தடைபடலாம். குழந்தைக்கு எப்போதும் கெட்டியான, சமமான தளம்தான்.

முதல் 30 இரவு: என்ன நடக்கும்?

சுருட்டி வந்த மெத்தை முழுதாக விரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். புது ஃபோமின் வாடை வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் சில நாளில் போய்விடும். ஃபோமையும் லேடெக்ஸையும் இலவம் பஞ்சு போல மொட்டை மாடி வெயிலில் போடாதீர்கள். நேரடி வெயிலில் அவை கெட்டுப்போகும்.

பழைய மெத்தையின் பள்ளத்திலேயே பல வருடம் படுத்த உடம்பு, புது தளத்தில் வேறு மாதிரிப் படுக்கிறது. புது ஃபோமும் ஆரம்பத்தில் விறைப்பாக இருந்து, படுக்கப் படுக்கத்தான் இளகும். அதனால் முதல் இரண்டு, மூன்று வாரம் லேசான இறுக்கம் இருப்பது சகஜம்.

பழகிவரும் அறிகுறி இது: காலையில் இறுக்கம், எழுந்து நடமாடினால் சீக்கிரம் விட்டுப்போகிறது. வாரத்துக்கு வாரம் குறைகிறது.

பொருந்தவில்லை என்பதன் அறிகுறி வேறு:

- ஒருக்களித்தால் தோள், இடுப்பு மரத்துப்போகிறது: மெத்தை அதிகக் கெட்டி.
- இடுப்பு அமுங்கி, கீழ் முதுகு வலிக்கிறது: அதிக மென்மை.
- ஊருக்குப் போய் வேறு படுக்கையில் படுத்தால் வலி இல்லை, திரும்பி வந்ததும் வருகிறது.
- நான்கு வாரம் ஆகியும் வலி அப்படியே இருக்கிறது அல்லது கூடுகிறது.

தினமும் காலையில் போனில் ஒரு வரி குறித்து வையுங்கள்: எங்கே வலி, பத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம். 'சரியாகுது, ஆகலை' என்ற வாக்குவாதத்துக்கு அந்தக் குறிப்பே பதில் சொல்லும்.

மெத்தையைக் குறை சொல்லும் முன்

முதலில் தலையணையை மாற்றிப் பாருங்கள். மென்மையான மெத்தையில் தோள் உள்ளே இறங்கும். அப்போது பழைய உயரத் தலையணை கழுத்தை மடக்கும். அடுத்தது கட்டில். ஓர் இரவு மெத்தையைத் தரையில் போட்டுப் படுங்கள். வலி குறைந்தால், கட்டிலின் பலகை தொய்ந்திருக்கலாம். ஆனால் தரையிலேயே விட்டுவிட வேண்டாம். ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

கெட்டியாக இருந்தால் மேலே இரண்டு இன்ச் டாப்பர் போட்டுச் சமாளிக்கலாம். ரொம்ப மென்மையான மெத்தையை மேலே எதைப் போட்டாலும் சரிசெய்வது கஷ்டம். அதைத் திருப்பி அனுப்புவதே நல்லது.

கால் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, காய்ச்சலோடு முதுகு வலி, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, இவை எதுவும் மெத்தைப் பிரச்சினை அல்ல. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

'100 இரவு ட்ரையல்' என்றால்?

ஆன்லைனில் பல நிறுவனங்கள் இதைத் தருகின்றன. நாள் எண்ணிக்கை ஆர்டர் செய்த தேதியிலிருந்தா, டெலிவரி தேதியிலிருந்தா? குறைந்தது இத்தனை இரவு படுத்திருக்க வேண்டும் என்று விதி உண்டா? சொன்ன அளவுக்கு வெட்டிச் செய்த மெத்தைக்கும் ட்ரையல் பொருந்துமா? கறை இருந்தால் எடுத்துக்கொள்வார்களா? நான்கையும் வாங்கும் முன்பே படியுங்கள். முதல் நாளே புரொடக்டர் உறை போடுங்கள். பில்லையும் லேபிளையும் பத்திரப்படுத்துங்கள். வாரண்டியில், எத்தனை இன்ச் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் பாருங்கள்.

பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ன் மின்வணிக விதிகள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் 'எனக்குப் பொருந்தவில்லை' என்பது பழுது ஆகாது. அதற்கு ட்ரையல் காலம் மட்டுமே கைகொடுக்கும்.

வேளச்சேரி வீட்டுக்கு வருவோம். பத்தாவது நாளிலேயே ரிட்டர்ன் போட அவசரமில்லை. தலையணையையும் கட்டிலையும் சரிபார்த்து, 30-வது நாள் வரை குறித்துக்கொண்டு வரலாம். அன்றைக்கும் வலி குறையவில்லை என்றால் அன்றே நிறுவனத்துக்கு போன் போட்டுவிட வேண்டும். "பழகிடும், பழகிடும்" என்று காத்திருந்து 101-வது நாள் கூப்பிட்டால், இலவு காத்த கிளி கதைதான்.