திரைக்குப் பின்னால் தேவசகாயம்பிள்ளை

எருக்கலை மாலையை நேரத்தோடு கட்டி வைக்கக் கூடாது. பின்னேரம் கட்டினால் நடுச்சாமத்துக்குள் வாடித் துவண்டுவிடும். சிறைபிடிக்கிற காட்சி வரும்போது கதாநாயகனின் கழுத்தில் கீரைக்கட்டுப் போலத் தொங்கும். அதனால் கூத்துத் தொடங்கி, இரண்டு மூன்று பாத்திரங்களின் வரவு முடிந்த பிறகுதான் இரண்டு பொடியள் ரோர்ச் லைற்றோடு கடற்கரைப் பக்கம் ஓடுவார்கள். "பால் கண்ணில படாமப் பாருங்கோடா!" என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பின்னால் நின்று கத்துவார். அந்த நேரம் மேடையில் அரசன் கொலுவில் இருப்பான், மத்தளம் அதிரும், சனம் பாயில் சப்பாணி கட்டி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைய இரவின் மிக முக்கியமான நகை இன்னும் பற்றைக்குள் பூத்துக்கொண்டிருப்பது முன்னால் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது!

தேவசகாயம்பிள்ளை நாட்டுக்கூத்து மேடையேறும் இரவில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர் ஒன்றில் இருக்கக் கொடுத்துவைத்தால், நேரே ஒப்பனைக் கொட்டிலுக்குப் போய்விட வேண்டும் என்பது என் கட்சி. குருநகர், பாசையூர், நாவாந்துறை, மெலிஞ்சிமுனை, இளவாலை என்று கூத்தை உயிராய் வைத்திருக்கும் ஊர்கள் எங்களுக்கு நிறையவே உண்டு. அங்கெல்லாம் மேடையில் நடப்பது பாதிக் கூத்து. மற்றப் பாதி திரைக்குப் பின்னால், தேத்தண்ணி வாளிக்கும் முகக்கண்ணாடிக்கும் இடையில் நடக்கிறது.

யார் இந்தத் தேவசகாயம்? கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23இல் பிறந்த நீலகண்டபிள்ளை. மார்த்தாண்டவர்மரின் திருவிதாங்கூர் அரசில், பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். பார்கவி அம்மாளை மணந்து குடித்தனம் நடத்தியவர். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும், ஏற்றுக்கொண்ட விசுவாசத்தை விடமாட்டேன் என்று நின்றதும் அவருக்கு வினையாயின. 1749 பெப்ரவரி 23இல் பிடிபட்டார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வதைபட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. குருவும் அல்லர், துறவியும் அல்லர். வேலைக்குப் போய் வீடு திரும்பிய ஒரு குடும்பஸ்தர்.

2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15இல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர்தான். எங்கள் அண்ணாவிமாரோ உரோமையின் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. அதற்கு எத்தனையோ காலம் முன்பே அவருக்கு முடி சூட்டி, கால் கட்டி, தாளம் தட்டி மேடையில் ஏற்றிவிட்டார்கள்!

வாருங்கள், கொட்டிலுக்குள் போவோம். தலையைக் குனியுங்கள், கிடுகு இடிக்கும்.

மூலையில் கதிரை ஒன்றில் இருந்து முகம் கொடுத்துக்கொண்டிருப்பவர்தான் இன்றைய மார்த்தாண்டவர்மர். நேற்று விடிய வலை இழுத்தவர். அவருக்குப் பக்கத்தில் முடியைத் தலையில் வைத்து வைத்துப் பார்க்கிறவர் மேசன். மந்திரி பள்ளிக்கூட வாத்தியார். பறையறைந்து கட்டியம் கூற வேண்டிய கட்டியகாரன் இன்னும் வரவில்லை. கடையைப் பூட்டிப்போட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறானாம். இவர்கள் எல்லாரும் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகியவர்கள். பகலில் உழைத்து, செபமாலை முடித்து, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகக் கூத்துக்கொட்டிலுக்கு வந்து தொண்டை கிழியப் பாடிவிட்டு, விடிய மறுபடியும் தொழிலுக்குப் போனவர்கள். கடல் வாய்க்காத நாட்களில் பழக்கம் களைகட்டும், கடல் வாய்த்தால் அரசன் வரமாட்டான். அண்ணாவியாரின் நாட்காட்டியே காற்றைப் பார்த்துத்தான் ஓடும்.

ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கொப்பி. அச்சடித்த புத்தகம் தேட வேண்டாம். சீ.ஆர். கொப்பியில் அவரவர் பாட்டையும் வசனத்தையும் கையால் எழுதிக்கொள்வதுதான் வழக்கம். தருவுக்கு ஒரு மை, கவிக்கு ஒரு மை, மற்றவர் முடிக்கும் கடைசி அடிக்குக் கீழே ஒரு கோடு. சில கொப்பிகளில் முதல் பாதி ஒரு கையெழுத்து, மறுபாதி இன்னொரு கையெழுத்து. தகப்பன் ஆடிய பாத்திரத்தை மகன் எடுத்துக்கொண்ட இடம் அது. விளிம்பில் மெழுகுதிரி சொட்டிய கறையும் உண்டு. மேடையேற்றத்துக்கு முன் கொப்பிகளைக் கோயிலில் வைத்துச் செபித்து, சுவாமியிடம் ஆசீர்வாதம் வாங்கி, அண்ணாவியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சலங்கை கட்டுவார்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த மூலை. பார்கவி அம்மாள் தயாராகும் இடம்!

பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடுவது பழைய வழக்கம். பார்கவியாக வருகிறவர் மீசையை வழித்த அன்றே ஊர் முழுக்கப் பகிடி. கொட்டிலில் அவருக்குச் சீலை கட்டிவிடுகிறவர் அவருடைய சொந்த மனைவி. வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, "இஞ்சாருங்கோ, குனியாதேங்கோ, கொய்யகம் அவிழும்" என்று அதட்டுகிறார். பிறகு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு சிரிப்பு. பத்து நிமிடத்தில் இந்த மனுசன் மேடைக்குப் போய், பிடிபட்டுப் போகும் புருசனின் முன் நின்று, நான் என்ன செய்வேன் என்று பாடப் போகிறார். அப்போது திரை இடுக்கால் எட்டிப் பார்க்கும் அதே மனைவி முந்தானையால் கண்ணைத் துடைப்பார். முன்னால் இருந்து பார்த்தால் நடிப்பு. பின்னால் இருந்து பார்த்தால் ஒரு கலியாணத்தின் உள்ளே இன்னொரு கலியாணம்.

உண்மையான பார்கவி அம்மாள் கணவரின் வழியில் தாமும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனவர். கணவர் கொல்லப்பட்ட பின் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து, 1766இல் அங்கேயே இறந்து அடக்கமானார். 14 ஆண்டுக் கைம்மை. கூத்தில் வீரப்பாட்டு எத்தனை இருந்தாலும் சனத்தை உலுக்குவது இந்த வீட்டுக்காட்சிதான். கடலுக்குப் போன புருசன் வரும்வரை கரையைப் பார்த்து நிற்கிற ஊர்களுக்குப் பிரிவுப்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். கூத்துப் பிரியர்களுக்குக் கேட்டவுடன் துள்ள வேண்டும் போல இருக்கும்!

நீலகண்டபிள்ளைக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் ஒரு டச்சுத் தளபதி, எஸ்தாக்கியுஸ் தெலனாய். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரின் படையிடம் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, உதயகிரிக் கோட்டையில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர். குளச்சலுக்கு அந்தப் படை எங்கிருந்து வந்தது? எங்கள் இலங்கையிலிருந்து! ஒல்லாந்தக் கொம்பனியின் இலங்கைத் தலைமைதான் அதை அனுப்பியது. அதற்கு முன்பிருந்தே யாழ்ப்பாணத்தில் இதே கொம்பனி கத்தோலிக்கரை அடக்கி வைத்திருந்தது. 1687இல் யோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் இங்கே வந்து, சில்லாலையில் மறைந்திருந்து பூசை வைக்க வேண்டிய நிலை. அப்படிப்பட்ட கொம்பனியின் கப்பலில் போன ஒரு கத்தோலிக்கர், அக்கரையில் ஒரு விசுவாசியை உருவாக்கிவிட்டார்.

இன்னும் கேளுங்கள். நீலகண்டபிள்ளைக்குப் பொருள் நட்டம், மாடு நட்டம் என்று அடுத்தடுத்து இடி விழுந்தபோது, தெலனாய் அவருக்கு எடுத்துச் சொன்னது விவிலியத்து யோபுவின் கதை. தெலனாய்க்கோ எஸ்தாக்கியாரின் பெயர். அந்த எஸ்தாக்கியார் யார்? உரோமைப் படைத்தலைவராக இருந்து, சொத்தை இழந்து, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பிரிந்து, திரும்பக் கண்டுபிடித்த குடும்பஸ்தர். யாழ்ப்பாணத்தில் அவருக்கும் கூத்து உண்டு! ஒரே கொட்டில், ஒரே அண்ணாவியார், ஒரு வருசம் எஸ்தாக்கியார், இன்னொரு வருசம் அவர் பெயர் தாங்கிய மனிதரின் மாணாக்கர். எங்கள் மேடை தேடித் தேடி எடுத்துக்கொண்டவர்களைப் பாருங்கள்: வேலையும் வீடும் பிள்ளைகுட்டியும் உள்ளவர்கள்.

சரி, நடுச்சாமம் தாண்டிவிட்டது. எருக்கலை வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கள், காம்பில் இன்னும் பால். இனிக் கொட்டிலில் கால் வைக்க இடமில்லை. கதாநாயகனுக்கு உடுப்பு மாற்றம். இவ்வளவு நேரமும் போட்டிருந்த பதக்கமும் புய அணியும் கழன்று, உடம்பெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளி குத்தப்படுகிறது. வரலாற்றில் நடந்தது அதுதான். எருக்கம் பூ மாலை போட்டு, எருமையில் ஏற்றி, ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுபோனார்கள். அடித்து, காயத்தில் மிளகு தடவினார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். புலியூர்க்குறிச்சிப் பாறையில் அவர் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் சுரந்தது என்று அந்த ஊர் இன்றும் சொல்கிறது. இங்கே அந்த அதிசயத்துக்குப் பொறுப்பு பத்து வயதுப் பையன் ஒருவன். காகித அட்டைப் பாறைக்குப் பின்னால் செம்போடு குந்தியிருக்கிறான். "நான் 'ஆண்டவரே' எண்ட உடனை ஊத்து, அதுக்கு முதல் ஊத்தாதை" என்று தேவசகாயம் அவனிடம் கெஞ்சுகிறார். "ஓம் மாமா, ஓம் மாமா!"

சங்கிலி அசல். நங்கூரத்துச் சங்கிலியைக் கழுவி எடுத்து வந்திருக்கிறார்கள். பிளாஸ்ரிக் சங்கிலிக்குச் சத்தமில்லை, சத்தமில்லாத விலங்கைச் சனம் நம்பாது என்பது அண்ணாவியாரின் தீர்ப்பு. துவக்குகள் தச்சர் வீட்டில் செய்தவை. வேட்டுச் சத்தத்துக்கு மேடைக்குப் பின்னால் சீனவெடியோடு ஒருவர். அவருடைய கண் முழுக்கச் சேவகர் தலைவனின் கையில். கை இறங்கும் நொடியில் வெடிக்க வேண்டும். முந்தினால் சிரிப்பு, பிந்தினால் அதைவிடச் சிரிப்பு. தேவசகாயம் இறந்த வேளையில் காற்றாடிமலையில் ஒரு பாறை மணி போல ஒலித்தது என்று மரபு உண்டு. அதற்காகக் கைமணியோடு இன்னொருவர். இந்த இருவருக்கும் கொப்பியில் ஒரு வரி கூட இல்லை. ஆனாலும் அன்றிரவு அவர்கள் கை நடுங்குவது போல வேறு ஒருவர் கையும் நடுங்காது!

இதையெல்லாம் இழந்துபோயிருக்கக்கூடிய காலம் ஒன்றும் வந்தது. போரினால் 1990இல் மயிலிட்டிக் கரை வெறுமையானது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்தது. மின்சாரம் இல்லை, ஊரடங்கு இருந்தது, இரவிரவாகக் கூத்தாட இரவே இல்லை. ஆனாலும் பாட்டு மனப்பாடத்தில் இருந்தது. 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் நாட்டுக்கூத்தை நகர மேடைக்கும் வெளிநாட்டு மேடைக்கும் கொண்டு போனது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் பரிசிலும் லண்டனிலும் கூத்துப் பழகினார்கள். இன்று விடிய விடிய ஆடுவது குறைந்து, இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கிய கூத்துகள் பெருகிவிட்டன. சுருக்கினாலும் பார்கவியின் பாட்டில் கை வைக்க எந்த அண்ணாவியாரும் துணிய மாட்டார் என்பதே என் நம்பிக்கை.

நாட்களும் எப்படிப் பொருந்தி வருகின்றன பாருங்கள். தேவசகாயத்தின் திருநாள் ஜனவரி 14. யோசப் வாஸ் அடிகள் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டதும் 2015இல் அதே ஜனவரி 14. இருவரையும் அறிவித்தவர் ஒரே திருத்தந்தை. பல ஆண்டுகளில் தைப்பொங்கலும் அந்த நாளில்தான் வருகிறது. உழைத்தவனின் நாளில் உழைத்தவனின் திருநாள்!

மங்களம் பாடி முடிய வானம் வெளுக்கும். அரசன் முகத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டே வலைக்குப் போவான். வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம், மேசனுக்கு மதில். வாடகை உடுப்பை எண்ணிக் கட்டுகிறவருக்கு ஒரு சலங்கை குறையும், அதற்கொரு கலவரம் நடக்கும். ஒரு புனிதரை நினைவில் வைத்திருப்பதற்கு இத்தனை கூலியில்லா வேலை தேவைப்படுகிறது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் அவரைப் போலவே குடும்பத்தைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதுதான் இந்தக் கூத்தின் அழகு. அவருடைய வாழ்க்கையை விளக்க அவர்களுக்குப் பிரசங்கம் தேவையில்லை, தங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் உயரமான பலகையில் ஏற்றி வைத்தால் போதும்.

ஆகையால் அடுத்தமுறை எங்கேனும் மத்தளம் கேட்டால், முன்வரிசையில் பாய் விரிக்க ஓடாதீர்கள். பின்பக்கம் வாருங்கள். ஊசி பிடிக்க, செம்பு நிரப்ப, தேத்தண்ணி ஊற்ற, காணாமல் போன சலங்கையைத் தேட எப்போதும் ஆள் தேவை. அண்ணாவியார் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "தம்பிக்குக் குரல் எப்பிடி?" என்று கேட்டால், தயங்காமல் ஓம் சொல்லுங்கள். அடுத்த வருசக் கூத்துக்கு அவர் இப்போதே ஆள் சேர்க்கிறார்!