தையல்காரப் பெண்ணின் கவலை

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவருடைய தையல்காரப் பெண் தன் கவலையைச் சொன்னார். குடும்பத்தில் பலரைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது, தனக்கும் அதே கதிதான் என்று. சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் நோய் வரலாற்றைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1960களில் நெப்ராஸ்காவில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் மருத்துவரிடம் ஒரு குடிநோயாளி வந்தார். ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டால், எங்கள் வீட்டில் எல்லாரும் குடல் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாகப்போகிறேன் என்றாராம்! லிஞ்ச் அதை உளறல் என்று தள்ளவில்லை. உறவினர்களைத் தேடித்தேடி விசாரித்து, 1966இல் இத்தகைய குடும்பங்களைப் பற்றி எழுதினார். புற்றுநோய் பரம்பரையாக வருமா என்று மற்றவர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. ஆராய்ச்சிக்குப் பணம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

1993இல் விடை கிடைத்தது. செல் பிரியும்போது டிஎன்ஏ நகலில் விழும் பிழைகளை, அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவரைப் போலத் திருத்தும் மரபணுக்கள் உண்டு. இந்தக் குடும்பங்களில் அவற்றில் ஒன்று பழுதாகியிருந்தது. இந்தப் பழுது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இன்று இதன் பெயர் லிஞ்ச் நோய்க்குறி.

உங்கள் நெருங்கிய சொந்தத்தில் 50 வயதுக்குள் யாருக்காவது பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.