கையை உயர்த்த உயர்த்தக் கனம் கூடுவது ஏன்?

தொடையருகே தொங்கவிட்டிருக்கையில் ஒரு பொருட்டாகவே தோன்றாத 2 கிலோ டம்பெல், கையை நீட்டியபடி முன்புறமாகத் தோள் மட்டத்துக்கு உயர்த்தியவுடன் நம் பலத்தையெல்லாம் சோதிப்பதற்குக் காரணம், எடை மாறியதன்று. தோள் மூட்டுக்கும் எடைக்கும் இடையேயுள்ள கிடைமட்டத் தூரம் மாறியதேயாகும். அத்தூரம் இப்போது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். ஆனால் காறையெலும்பின் வெளிப்பகுதியிற் புறப்பட்டு மேற்கை எலும்பின் நடுப்பாகத்தில் வந்து பற்றும் முன்தோள் தசையோ, மூட்டுக்கு மிக அருகிலிருந்தே இழுக்கவேண்டியிருக்கிறது. அதன் இழுவிசை மூட்டிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளிச் செயற்படுவதாகவும், அத்தசை தனித்தே சுமப்பதாகவும் கொண்டால், 2 கிலோவைத் தாங்க 40 கிலோவுக்குரிய விசை வேண்டும். கையின் சொந்த எடை இதிற் சேரவில்லை. சிறு தசையொன்றுக்கு எத்தனை பெரிய பிரயாசை!

ஆதலால் புதிதாகப் பழகுவோர் 1 அல்லது 2 கிலோவுடன் தொடங்குவதே உசிதம். பாதங்களை இடுப்பகலத்தில் ஊன்றி, முழங்கையைச் சற்றே தளர்த்தி, மூச்சை விட்டபடி உயர்த்தி, தோள் மட்டத்தில் கணநேரம் நிறுத்தி, நிதானமாக இறக்கவேண்டும். இறங்கும்போதும் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால், அந்த நிதானமும் அப்பியாசத்தில் ஒரு பாதியே. உடம்பைப் பின்சாய்த்து வீசுவோர், வேகத்தால் தோளின் வேலையைக் குறைத்துவிட்டு, முதுகின் கீழ்ப்பகுதிக்கு வீண் சிரமத்தை ஏற்றிவிடுகிறார்கள்.