எடைமேடையிலிருந்து கணினிக்கு ஒன்பது பின்

எடைமேடையின் இண்டிகேட்டரில் ஒளிரும் எண்ணைக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் கேபிள், பெரும்பாலும் ஒன்பது பின் கொண்ட சீரியல் போர்ட்டில்தான் வந்து சேர்கிறது. அதிராம்பட்டினத்து உப்பளங்களில் உப்பு ஏற்றினாலும், பட்டுக்கோட்டைத் தோப்புகளில் தேங்காய் ஏற்றினாலும், டெல்டாவில் எங்கேயாவது நெல் ஏற்றினாலும், லாரி ஓர் எடைமேடையில் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். வெறும் வண்டியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எடைச்சீட்டில் அச்சாகிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே கைமாறும் பணம் அந்தச் சீட்டை வைத்துத்தான். இப்படிப்பட்ட எடைமேடை அறைகளில் பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. எடை மென்பொருள் அதில் இருக்கிறது, முந்தைய வருடங்களின் கணக்கு அதில் இருக்கிறது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. போர்ட் மட்டும் கெட்டுப்போனால் இவ்வளவையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஓர் அடாப்டர் போதும். அதைப் பொருத்தும்போது மின்னழுத்தம், வேகம், போர்ட்டின் பெயர் என்ற மூன்றிலும் இரு பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகவேண்டும்.

சீரியல் போர்ட்டின் விதிமுறைக்கு ஆர்.எஸ்.232 என்று பெயர். 1960இல் அமெரிக்காவில் டெலிபிரிண்டர்களையும் மோடம்களையும் இணைக்க உருவானது. நீண்ட காலம் நிலைத்த ‘சி’ வடிவம் 1969இல் வந்தது. அப்போது 25 பின். 1984இல் ஐ.பி.எம். தன் ஏ.டி. கணினியில் ஒன்பது பின்னாகச் சுருக்கியது. 1996இல் யு.எஸ்.பி. வந்தபிறகு வீட்டுக் கணினிகளிலிருந்து சீரியல் போர்ட் மெல்ல மறைந்தது. தராசு, ஆலை இயந்திரம், வானிலைக் கருவி போன்றவற்றில் மட்டும் அது போகவே இல்லை. மூன்றே கம்பியில் வேலை முடிகிறது என்பதுதான் அதன் பலம்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு ஒன்று.

அந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறு தானாகப் புரியும். இண்டிகேட்டர் ‘5’ என்ற இலக்கத்தை அனுப்புவதாகக் கொள்வோம். சும்மா இருக்கும்போது கம்பியில் எதிர் மின்னழுத்தம் நிற்கும். முதலில் அது ஒரு கணம் நேர் மின்னழுத்தத்துக்குத் தாவும். ‘வருகிறேன்’ என்று அறிவிக்கும் தொடக்க பிட் அது. அடுத்து, 5க்கு உரிய ஆஸ்கி எண்ணான 53, கடைசி பிட்டிலிருந்து தலைகீழாக 1, 0, 1, 0, 1, 1, 0, 0 என்று போகும். ஒன்றுக்கு எதிர் அழுத்தம், பூஜ்யத்துக்கு நேர் அழுத்தம். முடிவில் ஒரு நிறுத்த பிட்; கம்பி மறுபடி எதிர் அழுத்தத்துக்குத் திரும்பிவிடும். வேகம் 9600 என்றால் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ விநாடி. எழுத்துக்குப் பத்து பிட், ஆகவே விநாடிக்கு 960 எழுத்து. கடிகாரத்தைச் சொல்லத் தனிக் கம்பி கிடையாது. அதனால்தான் இரு பக்கமும் ஒரே வேகத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

எந்த அடாப்டர் என்பதைக் கணினியின் வயதும் அதிலுள்ள மென்பொருளும் தீர்மானிக்கின்றன. கடைக்குப் போவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. பின்புறம் சீரியல் போர்ட் இல்லாத பல மதர்போர்டுகளில் ‘காம்’ என்று அச்சிட்ட பத்து பின் இணைப்பு ஒன்று உள்ளே சும்மா இருக்கும். அதற்கு ரிப்பன் கேபிளோடு கூடிய பிராக்கெட் வாங்கினாலே போதும். இதைவிட மலிவான வழி கிடையாது. இந்த ரிப்பன் கேபிளில் இருவேறு பின் வரிசைகள் உண்டு. பொருந்தாததைப் போட்டால் போர்ட் இருப்பதுபோல் காட்டும், எழுத்து எதுவும் வராது.

உள்ளே இணைப்பு இல்லாவிட்டால் அட்டை. டாஸ் மென்பொருள் ஓடும் மிகப் பழைய கணினிக்கு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் செருகும் அட்டைதான் சரி. டாஸ் நிரல்கள் போர்ட்டை நேரே முகவரியால் தேடுபவை: காம் 1 என்றால் 3எஃப்8, காம் 2 என்றால் 2எஃப்8. பி.சி.ஐ. அட்டை வேறு முகவரியில் உட்காரும் என்பதால் டாஸ் நிரலின் கண்ணில் படாது; விண்டோஸில் நன்றாகவே வேலை செய்யும். ஐதராபாத்தின் மாஸ்சிப் நிறுவனப் பெயர் கொண்ட சில்லுகள் பதித்த பி.சி.ஐ. அட்டைகள் இந்த வகையில் பரவலாகப் புழங்கியவை. ஐ.எஸ்.ஏ. அட்டையில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும்: காம் 1, காம் 3 இரண்டும் ஒரே குறுக்கீட்டுத் தடத்தைப் பகிர்பவை. காம் 1இல் பழைய சீரியல் மவுஸ் இருக்க, எடைமேடையைக் காம் 3இல் வைத்தால் இரண்டில் ஒன்று உறைந்துபோகும்.

யு.எஸ்.பி. அடாப்டர் எளிதாகக் கிடைப்பது. ஆனால் விண்டோஸ் என்.டி. 4க்கு யு.எஸ்.பி.யே தெரியாது, விண்டோஸ் 98க்கு அதற்கென்று எழுதிய பழைய டிரைவர் வேண்டும். எக்ஸ்.பி.யிலிருந்து சிக்கல் குறைவு. உள்ளே இருக்கும் சில்லு எஃப்.டி.டி.ஐ.யா, புரொலிஃபிக்கா, சி.எச்.340ஆ என்று கேட்டு வாங்குவது அவசியம், ஏனென்றால் முதல் இரண்டுக்கும் போலிகள் ஏராளம். 2014இல் எஃப்.டி.டி.ஐ. வெளியிட்ட டிரைவர், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றி அவற்றை முடக்கியது. விவரம் தெரியாமல் வாங்கியவர்கள்தான் அதில் அடிபட்டார்கள்.

அடாப்டரைப் பொருத்தியதும் எடைமேடையை இணைக்க அவசரப்படக் கூடாது. முதலில் அடாப்டரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதன் 2ஆவது பின்னையும் 3ஆவது பின்னையும் மெல்லிய கம்பியால் ஷார்ட் செய்துவிட்டு, எக்ஸ்.பி. வரையிலான விண்டோஸில் உள்ள ஹைப்பர்டெர்மினலையோ, ‘புட்டி’ என்ற மென்பொருளையோ திறந்து, ஃபுளோ கன்ட்ரோல் ‘இல்லை’ என்று வைத்து ஏதாவது தட்டினால், தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வரும். கம்பியை எடுத்தால் வராது. இரண்டும் சரியாக நடந்தால் அடாப்டரும் டிரைவரும் நலம். இனி வரும் கோளாறு கேபிளிலோ அமைப்பிலோதான்.

அடுத்தது மல்டிமீட்டர். இண்டிகேட்டரிலிருந்து வரும் கேபிளின் கணினி முனையில், கறுப்பு முனையை 5ஆவது பின்னில் வைத்து, சிவப்பு முனையால் 2ஐயும் 3ஐயும் தொட்டுப் பார்க்க வேண்டும். எதில் மைனஸ் ஐந்து முதல் மைனஸ் பன்னிரண்டு வோல்ட் வரை காட்டுகிறதோ அதுதான் இண்டிகேட்டர் பேசும் கம்பி. அது 2ஆவது பின்னில் இருந்தால் கேபிள் சரி, கணினி அதில்தான் காதைக் கொடுக்கிறது. 3இல் இருந்தால் கம்பிகளை மாற்றிக் கோக்க வேண்டும். 25 பின் போர்ட் உள்ள கணினியில் இந்த எண்களே இடம் மாறும்: அங்கே 2 அனுப்புவது, 3 வாங்குவது, கிரவுண்டு 7. தவிர, கணினியின் பின்னால் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் 25தான் சீரியல். துளைகளாக இருக்கும் 25 பிரிண்டருக்கு உரியது.

இனி பெயர். பழைய எடை மென்பொருள் பலவற்றில் காம் 1 முதல் காம் 4 வரைதான் தேர்ந்தெடுக்க முடியும். யு.எஸ்.பி. அடாப்டருக்கு விண்டோஸ் காம் 7, காம் 11 என்று எதையாவது கொடுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அமைப்புக்குள் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் எண்ணை மாற்றலாம். பிறகு அடாப்டரை அதே துளையிலேயே வைத்திருக்க வேண்டும். வேறு துளைக்கு மாற்றினால் பல மலிவு அடாப்டர்களுக்கு எண்ணும் மாறிவிடும்.

வேகமும் பிட் அமைப்பும் இண்டிகேட்டரின் கையேட்டில் இருக்கும். 2400 அல்லது 9600 வேகம், எட்டு பிட், பாரிட்டி இல்லை என்பது வழக்கம். பழையவற்றில் ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி. கையேடு தொலைந்துபோனாலும் திரையே காட்டிக்கொடுத்துவிடும். ஏழு பிட்டில் வருவதை எட்டு பிட்டாகப் படித்தால் 0, 3, 5, 6, 9 சரியாக விழும். 1, 2, 4, 7, 8 மட்டும் விசித்திரக் குறிகளாக மாறும். 24160 கிலோ என்று இண்டிகேட்டர் அனுப்பினால், டாஸ் திரையில் முதல் மூன்று இடத்தில் புள்ளிக்கட்டமும் கோடும் வந்து, கடைசியில் 60 மட்டும் தெளிவாகத் தெரியும். பாரிட்டி என்பது ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கச் சேர்க்கும் பிட். 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்களில் அந்த எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டை என்பதால் அவை தப்பிக்கின்றன. எல்லா இலக்கமும் குழம்பினால் வேகம்தான் தவறு.

கணினியை இயக்கியதும் மவுஸ் அம்பு தானாகத் துள்ளினால் பயப்பட வேண்டாம். இடைவிடாமல் எடையை அனுப்பும் இண்டிகேட்டரை, விண்டோஸ் 2000மும் எக்ஸ்.பி.யும் சீரியல் மவுஸ் என்று தவறாக எடுத்துக்கொள்கின்றன. டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்’ என்ற வரியை முடக்கினால் அடங்கிவிடும். அழிப்பதால் பயனில்லை, அடுத்த முறை மறுபடி முளைக்கும்.

கடற்கரை ஊரில் கடைசி எதிரி உப்புக்காற்று. பின்களில் பச்சைக் களிம்பு ஏறினால் எழுத்துகள் விட்டுவிட்டு வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துத் திருகுகளை இறுக்கவேண்டும். கேபிள் 15 மீட்டருக்குள் இருப்பது நல்லது. இண்டிகேட்டரும் கணினியும் ஒரே எர்த்தில் இருக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழையில் இடி இறங்கும் இரவுகளில் கேபிளைக் கழற்றிவைப்பதே பாதுகாப்பு. எது நடந்தாலும் இண்டிகேட்டரை மட்டும் பிரிக்கக் கூடாது. அதன் எடைச் சரிபார்ப்புப் பகுதி சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரைக்குள் இருக்கிறது. சீரியல் இணைப்பு அந்த முத்திரைக்கு வெளியே இருப்பது.

எல்லாம் முடிந்ததும் மேடையைக் காலியாக வைத்து இண்டிகேட்டரிலும் திரையிலும் பூஜ்யம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் ஏறி நின்றால் இரண்டிலும் ஒரே எண் வரவேண்டும், பெரிய மேடைகளில் அது ஐந்து அல்லது பத்து கிலோ படியாகத்தான் நகரும். அவர் இறங்கியதும் இரண்டும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு ஒரு லாரியை ஏற்றிச் சீட்டு எடுத்து, அச்சான எண்ணை இண்டிகேட்டரோடு ஒப்பிடலாம். காம் எண், வேகம், பிட், பாரிட்டி, கேபிள் நேரா மாற்றா என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.